திரை மாறினால் கதை மாறுமா?

கோல சிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயா பட்டணத்திற்கு முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். 2007ஆம் ஆண்டில்தான் அதன் பெயர் மாற்றப்பட்டது. ஆனாலும், அவ்வட்டாரத்துப் பெரியவர்களின் பேச்சில் பழைய பெயரே இன்றும் வாழ்கிறது. ஊரைச் சுற்றி எங்கு நோக்கினும் செம்பனை மரங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு காலத்தில் பால்மரங்களும் லயன் வீடுகளும் இருந்தன என்பதை இளையோர் கேள்வியால் மட்டுமே அறிவர்.

அவ்வூரில் நான்காம் படிவத்தில் பயிலும் மாணவன் ஒருவன், ஒரு நாள் மாலை திறன்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு வாடிய முகத்தோடு அமர்ந்திருந்தான். அவன் மூன்று ஆண்டுகளாக விரும்பி விளையாடிவரும் காணொளி விளையாட்டு ஒன்று தொலைக்காட்சித் தொடராக வெளிவந்திருந்தது. அதன் முதல் பாகத்தைக் காண அவன் மாதக்கணக்கில் காத்திருந்தான்.

“என்ன ஐயா, பரீட்சையில் தவறிவிட்டவன் போல உட்கார்ந்திருக்கிறாய்?” என்று கேட்டார் தாத்தா.

“கதையைக் கெடுத்துவிட்டார்கள், தாத்தா. தலைவன் அப்படிப் பேசவே மாட்டான். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும்.”

தாத்தா சிரித்தார். “‘பாசம்’ படம் பார்த்த அன்று எங்கள் தோட்டத்திலும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள்,” என்றார்.

தாத்தா பிறந்து வளர்ந்தது சிலாங்கூர் ஆற்றையொட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில். அந்நாளில் தோட்டத் திடலில் படம் காட்டுவார்கள். இரண்டு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். பொழுது சாய்வதற்குள் பெரியவர்கள் பாயையும் சாக்கையும் விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். இடம் கிடைக்காத பிள்ளைகள் திரைக்குப் பின்னால் போய் அமர்வார்கள். அங்கிருந்து பார்த்தாலும் படம் தெரியும். எழுத்துகள் மட்டும் இடம் வலமாக மாறித் தெரியும்.

‘பாசம்’ 1962ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.ஜி.ஆர். படம். அதன் முடிவில் கதைத்தலைவன் இறந்துவிடுகிறான். “படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரு சுருள் இருக்கும், அதில் அவர் உயிரோடு வருவார் என்று காத்திருந்தோம். எம்.ஜி.ஆர். சாகமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியுமே!” என்றார் தாத்தா.

பேரனும் சிரித்துவிட்டான். அறுபது ஆண்டு இடைவெளியில் இருவரும் ஒரே சொல்லைச் சொல்லியிருந்தார்கள்: ‘தெரியும்’.

ஒரு கதையை நெடுநாள் நேசித்தவருக்கு அக்கதை தம்முடையது என்ற உணர்வு ஏற்பட்டுவிடுகிறது. அதன் மாந்தர்கள் எப்படி நடப்பர், எப்படிப் பேசுவர், எதைச் செய்யமாட்டார் என்பதெல்லாம் அவர் மனத்தில் பதிந்துவிடுகின்றன. அந்தக் கதை வேறொரு வடிவத்தில் மீண்டும் சொல்லப்படும்போது, மனத்தில் உள்ள கதைக்கும் கண்முன் உள்ள கதைக்கும் போட்டி எழுகிறது. இரசிகரின் எதிர்பார்ப்பு பிறக்கும் இடம் இதுவே.

காணொளி விளையாட்டுகளைப் பொறுத்தவரை இந்தப் போட்டி இன்னும் கடுமையானது. நாவலைப் படிப்பவர் கதைத்தலைவனைப் பின்தொடர்கிறார். படம் பார்ப்பவர் அவனைத் தொலைவிலிருந்து காண்கிறார். விளையாடுபவரோ அவனாகவே மாறிவிடுகிறார். எந்த வழியில் போவது, எப்போது பாய்வது, எப்போது பதுங்குவது என்று முடிவெடுப்பவர் அவரே. ஓரிடத்தில் பத்து முறை தோற்றுப் பதினோராவது முறை வென்றால், அந்த வெற்றி கதைத்தலைவனுடையது மட்டுமன்று, விளையாடியவருடையதும்தான். தொலைக்காட்சித் தொடரில் அவர் கையிலிருந்த பொறுப்பு பறிபோகிறது. நேற்றுவரை தாம் இயக்கிய ஒருவனை இன்று வேறொருவர் இயக்குவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் சிறிய மாற்றமும் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

விளையாட்டுகளைத் திரைக்குக் கொண்டுவரும் முயற்சி புதியதன்று. நிண்டெண்டோ நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘சூப்பர் மரியோ’ விளையாட்டு 1993ஆம் ஆண்டில் நடிகர்களைக் கொண்டு திரைப்படமாக்கப்பட்டது. விளையாட்டில் இருந்த வண்ணமயமான காளான் உலகம் படத்தில் இருண்ட நகரமாக மாறியிருந்தது. படம் வசூலில் தோல்வி கண்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2023ஆம் ஆண்டில், அதே மரியோ அசைவூட்டப் படமாக மீண்டும் வந்தான். இம்முறை விளையாட்டின் நிறங்கள், ஒலிகள், குழாய் வழிகள், துள்ளல்கள் எல்லாம் படத்திலும் இருந்தன. அப்படம் உலகெங்கும் 1.3 பில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் வசூலித்தது.

இரசிகரின் எதிர்பார்ப்பு ஒரு படத்தையே மாற்றியமைத்ததும் உண்டு. ‘சோனிக்’ என்னும் நீல நிற முள்ளெலி 1991ஆம் ஆண்டில் சேகா நிறுவனத்தின் விளையாட்டில் தோன்றியது. அதன் திரைப்பட முன்னோட்டம் 2019 ஏப்ரல் இறுதியில் வெளியானது. அதில் சோனிக்கின் கண்கள் சிறுத்து, மனிதப் பற்களைப் போன்ற பற்கள் தெரிந்தன. இரசிகர்கள் பெரும் எதிர்ப்பைத் தெரிவித்தனர். சில நாள்களிலேயே உருவத்தை மாற்றுவதாக இயக்குநர் அறிவித்தார். 2019 நவம்பரில் வெளியாகவிருந்த படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. புதிய உருவத்தை மக்கள் ஏற்றுக்கொண்டனர். படமும் வெற்றி பெற்றது. இரசிகர்களுக்கு இது மகிழ்ச்சியான முடிவு. எனினும், ஓர் உருவத்தை மாற்றுவது என்றால் அது தோன்றும் காட்சிகளையெல்லாம் கணினி வரைகலைஞர்கள் மீண்டும் உருவாக்க வேண்டும். நம் விருப்பத்திற்குப் பின்னால் பிறரின் உழைப்பு இருப்பதை மறந்துவிடக் கூடாது.

உருவம் மட்டுமன்று, மறைவும்கூட எதிர்பார்ப்பாகிவிடும். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹேலோ’ விளையாட்டின் நாயகன் ‘மாஸ்டர் சீஃப்’ எப்போதும் தலைக்கவசம் அணிந்திருப்பான். அவன் முகம் தெரியாததால், விளையாடும் ஒவ்வொருவரும் அக்கவசத்திற்குள் தம்மையே கண்டனர். 2022ஆம் ஆண்டில் வந்த தொலைக்காட்சித் தொடரிலோ முதல் பாகத்திலேயே அவன் கவசத்தைக் கழற்றினான். நடிகரின் முகமும் உணர்ச்சியும் தெரியாமல் பல மணி நேரத் தொடரை நகர்த்துவது கடினம் என்பது தொடரின் தேவை. அந்த முகம் தங்களுடையது என்பது இரசிகரின் உணர்வு. இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆயினும், இரண்டும் ஒத்துப்போகவில்லை. அத்தொடர் இரண்டு பருவங்களோடு நின்றுபோனது.

அப்படியென்றால், மாற்றமே கூடாதா? அதுவும் சரியன்று. ‘போக்கிமான்’ விளையாட்டு 1996ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளியானது. விளையாட்டின் தொடக்கத்தில் மூன்று உயிரிகளுள் ஒன்றைத் துணையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பிகாச்சு’ அம்மூன்றில் ஒன்றன்று. 1997இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரிலோ நாயகச் சிறுவன் தூங்கிவிட்டுத் தாமதமாக வருகிறான். மூன்று உயிரிகளையும் மற்றவர்கள் எடுத்துச் சென்றுவிட்டதால், எஞ்சியிருந்த பிகாச்சு அவனுக்குக் கிடைக்கிறது. விளையாட்டில் இல்லாத அந்த நட்பு உலகக் குழந்தைகளின் உள்ளத்தைக் கவர்ந்தது. அதன் விளைவாக 1998இல் வெளியான விளையாட்டின் மஞ்சள் பதிப்பில், பிகாச்சுவே விளையாடுபவரின் பின்னால் நடந்து வந்தது. தழுவல் மூலத்தையே மாற்றிவிட்டது!

‘ஆர்கேன்’ தொடர் இன்னொரு வழியைக் காட்டியது. அது 2009இல் வெளிவந்த ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டிலிருந்து பிறந்தது. அவ்விளையாட்டில் இரு குழுக்கள் மோதிக்கொள்ளும்; ஓர் ஆட்டத்திற்குள் நீண்ட கதைக்கு இடமில்லை. 2021இல் வந்த தொடர், அதன் மாந்தருள் இருவரை உடன்பிறந்த சகோதரிகளாகக் காட்டி, செழிப்பான நகரத்திற்கும் வறுமை சூழ்ந்த அடிநகரத்திற்கும் இடையே அவர்கள் பிரிந்துபோன கதையைச் சொன்னது. விளையாட்டையே அறியாதவர்களும் அதை விரும்பிப் பார்த்தனர். 2022ஆம் ஆண்டில் அத்தொடர் சிறந்த அசைவூட்ட நிகழ்ச்சிக்கான எம்மி விருதைப் பெற்றது.

மூலப் படைப்பாளரே மாற்றம் செய்வதும் உண்டு. 2013இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டில், மனிதரைத் தாக்கும் பூஞ்சை காற்றில் பரவும் வித்துகள்மூலம் தொற்றும். 2023இல் அது 9 பாகத் தொடராக வந்தபோது, வித்துகளுக்குப் பதிலாக நிலத்தடியில் வேர்போல் படரும் இழைகள் காட்டப்பட்டன. காற்றில் வித்துகள் இருந்தால் நடிகர்கள் எப்போதும் முகமூடி அணிய வேண்டியிருக்கும். அவர்களின் முகபாவம் தெரியாது. இத்தொடரின் இரு படைப்பாளர்களுள் ஒருவர், விளையாட்டின் கதையை எழுதியவரே. தாம் பெற்ற பிள்ளைக்குத் தாமே புதிய உடை தைத்தது போன்றது இது.

தமிழருக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்றது. படித்த ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு வந்தியத்தேவன் குதிரை ஏறினான். எம்.ஜி.ஆர். 1958ஆம் ஆண்டில் அந்நாவலைத் திரைப்படமாக்க உரிமை பெற்றும் அம்முயற்சி நிறைவேறவில்லை. இறுதியில் மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022இலும் 2023இலும் இரண்டு படங்களாக அது திரைக்கு வந்தது. ஐந்து பாகங்கள் இரண்டு படங்களாகச் சுருங்கியபோது பல நிகழ்ச்சிகள் விடுபட்டன. மணிமேகலை என்னும் பாத்திரமே இடம்பெறவில்லை. நாவலை நேசித்தவர்களுள் சிலர் வருந்தினர், சிலர் கொண்டாடினர். படத்தைப் பார்த்த பிறகு நாவலைத் தேடிப் படித்த இளையோரும் பலர்.

எதிர்பார்ப்பது தவறன்று. எதிர்பார்ப்பு அன்பின் அடையாளம். ஏமாற்றம் ஏற்பட்டால் அதனை எடுத்துச் சொல்வதும் இரசிகரின் உரிமையே. ஆனால், திறனாய்வு வேறு, தாக்குதல் வேறு. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டின் இரண்டாம் பாகம் 2020இல் வெளிவந்தபோது, இரசிகர்களுக்குப் பிடிக்காத செயலைச் செய்த ஒரு பாத்திரத்திற்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. கதையை எழுதியவர் அவரல்லர். எழுதியிருந்தாலும் அது மிரட்டலுக்குரிய குற்றமன்று. “இக்காட்சி இக்காரணத்தால் பொருந்தவில்லை” என்று கூறுவது படைப்பாளருக்குப் பாடமாகும். பாத்திரத்தின்மீதுள்ள கோபத்தை மனிதர்மீது காட்டுவது அன்புக்கே இழுக்காகும்.

இவற்றையெல்லாம் ஏட்டில் படிப்பது எளிது. அம்மாணவனோ அனுபவத்தால் கற்றுக்கொண்டான். பள்ளித் தமிழ்மொழிக் கழகம், வட்டார வரலாற்றை ஒட்டி ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்றைத் தயாரிக்கும்படி மாணவர்களைப் பணித்தது.

கோல சிலாங்கூர் வட்டாரத்திற்கு வரலாற்றுப் பெருமை உண்டு. மலேசியாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. அதனைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே. இவர் எழுத்தாளரும் ஆவார். மலாயாத் தோட்ட வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு இவர் எழுதிய நாவல், 1930ஆம் ஆண்டில் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசைப் பெற்றது. அது தோட்டத்தை நடத்திய ஐரோப்பியரின் பார்வையில் சொல்லப்பட்ட கதை. பால்மரம் வெட்டியவரின் கதையோ பெரும்பாலும் ஏட்டில் ஏறாமல் வாய்மொழியாகவே நின்றது.

எனவே, தாத்தா சொன்ன படக்காட்சி இரவையே குறும்படமாக எடுக்க அவன் முடிவு செய்தான். நண்பர்கள் நடித்தனர். திடலில் வெள்ளைத் துணி கட்டப்பட்டது. பள்ளியிலிருந்து நெகிழி நாற்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டனர். சிறுவனாக நடிக்க ஒப்புக்கொண்டவன் வரவில்லை. ஆகவே, மாணவனின் அத்தை மகள் அப்பாத்திரத்தை ஏற்றாள். சிறுவன் சிறுமியானான்.

தொகுத்து முடித்ததும் தாத்தாவிடம் காட்டினான். அவர் முகம் சுருங்கியது.

“நாற்காலி எங்கே இருந்து வந்தது? நாங்கள் சாக்கில்தானே உட்கார்ந்தோம். திரைக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் எங்கே? அந்தப் பையன் நான். இங்கே ஒரு பெண்பிள்ளை அல்லவா உட்கார்ந்திருக்கிறாள்?”

“தாத்தா, ஐந்து நிமிடப் படம். எல்லாவற்றையும் காட்ட முடியாது. இருந்ததை வைத்துத்தான்...” என்று தொடங்கியவன் சட்டென்று நிறுத்தினான். சில நாள்களுக்கு முன் தான் யாரைத் திட்டினானோ அவர்களின் இடத்தில் இப்போது தானே நிற்பதை உணர்ந்தான்.

அன்றிரவு அவன் நெடுநேரம் சிந்தித்தான். தாத்தா வாழ்ந்த லயன் வீடுகள் இன்று இல்லை. அந்தப் படக்காட்சிக்குப் புகைப்படச் சான்றும் அவர்கள் குடும்பத்தில் இல்லை. நாளை அவன் தங்கையோ தம்பியோ இந்தக் குறும்படத்தைப் பார்த்தால், தோட்டத்தில் எல்லாரும் நாற்காலியில் அமர்ந்து படம் பார்த்தார்கள் என்றே நம்பிவிடுவார்கள். நாற்காலி சிறிய பொருள்தான். ஆனால், அது சொல்லும் செய்தி பொய்.

மறுவாரம் நண்பர்களை அழைத்து மீண்டும் படம்பிடித்தான். நாற்காலிகள் போய்ச் சாக்குகள் வந்தன. நான்கு பிள்ளைகள் திரைக்குப் பின்னால் அமர்ந்தனர். ஆனால், அத்தை மகளை மட்டும் அவன் மாற்றவில்லை. திரையில் தெரியும் மாறிய எழுத்துகளைத் தலையைச் சாய்த்துப் படிக்க முயலும் காட்சியில் அவள் அவ்வளவு இயல்பாக நடித்திருந்தாள்.

தாத்தா இரண்டாம் முறை பார்த்தார். அந்தக் காட்சி வந்ததும் கையை உயர்த்தினார்.

“அதை மறுபடியும் காட்டு, ஐயா.”

காட்டினான்.

“என் தங்கச்சி இப்படித்தான் படிப்பாள்,” என்றார் அவர் மெதுவாக. “அவளைப் பள்ளிக்கு அனுப்பியது மூன்று வருடம்தான். எழுத்தைக் கண்டால் விடமாட்டாள். என் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் அவளைச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.”

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு மாணவன் தன் குறிப்பேட்டை எடுத்து, “பாட்டியின் பெயர் என்ன, தாத்தா? படத்தின் முடிவில் போட வேண்டும்,” என்றான்.

கதை வடிவம் மாறும்போது சில மாற்றங்கள் உண்மையை மறைக்கும். சில மாற்றங்கள் மறைந்திருந்த உண்மையை வெளிக்கொணரும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே படைப்பாளரின் கடமை. இரசிகரின் கடமையும் அதுவே. மூலத்தில் உள்ளது உள்ளபடி வந்திருக்கிறதா என்று கேட்பது முதல் கேள்வி. மாறியிருந்தால் ஏன் மாறியது, அதனால் கதைக்குக் கிடைத்தது என்ன, இழந்தது என்ன என்று கேட்பது அடுத்த கேள்வி.

அம்மாணவன் தான் வெறுத்து நிறுத்திய தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பாகத்தை அவ்வாரமே பார்த்தான். தலைவனின் பேச்சு இன்னும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால், இம்முறை அவன் பாதியில் நிறுத்தவில்லை. அருகில் அமர்ந்திருந்த தாத்தா, “இவன் நல்லவனா, கெட்டவனா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விளையாட்டில் அவன் எப்படி இருந்தான் என்பதைப் பேரன் விளக்கிக்கொண்டே வந்தான்.